60 அடிப் பாறையிலிருந்து குதித்தவன் ஏன் எழுந்து நடக்கிறான்?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். டிஎன்டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்), அதாவது ஆளுக்கொரு கேரக்டரை வைத்துக்கொண்டு மேஜையில் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு, அதன் ஐந்தாம் பதிப்பை விளையாடுகிறீர்கள். உங்கள் நண்பருடைய ஆறாம் லெவல் ஃபைட்டர், அதாவது சண்டைக்காரக் கேரக்டர், துரத்தியவர்களிடமிருந்து தப்பிக்க 60 அடி உயரப் பாறையிலிருந்து குதித்தான், விழுந்தான், எழுந்தான், நடந்தான். மறுநாள் காலையில் உடம்பில் கீறல்கூட இல்லை. ஹிட் பாயிண்டையே (அடி விழ விழக் குறையும் எண், பூஜ்யமானால் ஆள் விழுவான்) தூக்கிப் போட்டுவிட்டு நிஜமான காயம் வருகிற மாதிரி விதி எழுதலாமா, யாராவது ஏற்கெனவே எழுதியிருக்கிறார்களா என்பது உங்கள் கேள்வி. இரண்டு தடவை படித்த பிறகு எனக்கு வேறொன்று தோன்றியது. அவன் பிழைத்ததில் உங்களுக்கு அவ்வளவு வருத்தம் இல்லை, குதிப்பதற்கு முன்னால் அவன் கணக்குப் போட்டதுதான் உறுத்துகிறது. 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை, ஆக ஆறு பகடை, சராசரி 21, எல்லாவற்றிலும் ஆறே விழுந்தாலும் 36. அவனிடம் இருந்ததோ 58. சாக வழியே இல்லை என்று தெரிந்துகொண்டு குதித்தவனைப் பார்த்து மேஜையில் யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. இந்த உறுத்தலுக்கு மருந்து உண்டு, ஆனால் அதை யதார்த்தம் என்ற கடையில் தேடினால் கிடைக்காது என்பது என் கட்சி.

என்னைப் பற்றி ஒரு வரி. பதினான்கு வருடமாக, வாரம் ஒருமுறை இல்லாவிட்டால் மாதம் இரண்டு முறையாவது, டிஎம் நாற்காலியில், அதாவது ஆட்டத்தை நடத்துகிறவனின் நாற்காலியில், உட்கார்ந்தவன். மருத்துவம் படித்ததில்லை, வாள் பிடித்ததும் இல்லை. காயம் பட்ட உடம்பு என்ன செய்யும் என்று நான் சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்தது. காயம் பட்ட கேரக்டரை வைத்திருக்கும் பிளேயர் என்ன செய்வார் என்பதை மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவும் என் மேஜையில் பார்த்தது, உங்கள் ஆட்கள் வேறு மாதிரி இருக்கலாம்.

ஹிட் பாயிண்ட் மனிதர்களுக்காகப் பிறந்த கணக்கே இல்லை, அது கப்பல் கணக்கு. 1974இல் கேரி கைகாக்ஸோடு சேர்ந்து டிஎன்டியை உருவாக்கிய டேவ் ஆர்னெசன், அதற்கு முன்பே பிளாக்மூர் என்ற ஆட்டத்தைத் தன் நண்பர்களுக்கு நடத்திக்கொண்டிருந்தார். தொடக்கத்தில் 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிகளைப் பயன்படுத்திப் பார்த்தார். அது படைகளுக்கு எழுதியது. சாதா வீரன் பொம்மைக்கு ஒரு அடி சரியாக விழுந்தால் பொம்மையை மேஜையிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். ஹீரோ என்ற வகைக்கு மட்டும் சலுகை, அவன் நாலு ஆளுக்குச் சமம். நாற்பது பொம்மை வைத்திருப்பவருக்கு ஒன்று போனால் என்ன, போய்விட்டுப் போகிறது. ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு, அவனுக்குப் பெயர் வைத்து, ஊர் வைத்து விளையாடுகிறவருக்கு அப்படி இருக்குமா? பிளேயர்கள் சுணங்கினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களுக்கான விதிகளிலிருந்து ஆர்மர் கிளாஸையும் (அடி படுவது எவ்வளவு கடினம் என்ற எண்) ஹிட் பாயிண்டையும் எடுத்துக்கொண்டதாக ஆர்னெசனே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கப்பலுக்கு அது அச்சாகப் பொருந்தும்: ஓட்டை விழும், இன்னொரு ஓட்டை விழும், அதுவரை பீரங்கி சுட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் மூழ்கும். மனித உடம்பு அப்படி மூழ்குவதில்லை. ஆக யதார்த்தம் என்ற கோணத்தில் பார்த்தால் முதல் நாளே ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, தெரிந்தேதான் விட்டார்கள்.

கைகாக்ஸுக்கும் இது தெரியாமல் இல்லை. 1978இல் வந்த பிளேயர் கையேட்டில் அவரே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறார்: பத்தாம் லெவல் ஃபைட்டருக்கு 55, உடல்வலுவுக்காக இன்னும் 30, ஆக 85 ஹிட் பாயிண்ட். நாலு பெரிய போர்க்குதிரைகளைக் கொல்லத் தேவையான அடி அது. ஒரு மனிதன் அவ்வளவு சதைக் காயத்தைத் தாங்குவான் என்று நினைப்பது அபத்தம், அதில் பெரும்பகுதி திறமை, அதிர்ஷ்டம், தெய்வத் துணை என்கிறார். நல்ல பதில்தான். ஆனால் முழுப் பதில் இல்லை, ஏனென்றால் அதிர்ஷ்டம் குறைந்ததை எதற்குக் காயம் ஆற்றும் மந்திரம் போட்டுச் சரிசெய்கிறோம், விஷக் கத்தி ‘பட்டது’ என்றால் தோலைக் கிழித்ததா இல்லையா என்று ஐம்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டை முடியாது. நானும் அதற்குள் போகப் போவதில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த எண் பிளேயருக்கு என்ன வாங்கித் தருகிறது என்று பாருங்கள். 58 என்பது 40 ஆகிறது, 40 என்பது 22 ஆகிறது. 22ஐப் பார்த்ததும் மேஜையில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு மாறும், நாற்காலியில் கொஞ்சம் முன்னால் வருவார். ஓடலாமா, மருந்தைக் குடிக்கலாமா, கத்தியைக் கீழே போட்டுப் பேரம் பேசலாமா என்று யோசிப்பார். சாவு வருவதற்கு முன்னால் யோசிக்க அவருக்கு மூன்று சுற்று கிடைத்தது. ஹிட் பாயிண்ட் விற்கும் சரக்கு இந்த அவகாசம்தான். ஒரே அடியில் ஆள் காலி என்று விதி வைத்தால் அது முதலில் போகும். கணக்கும் கொடூரம்: ஒவ்வொரு சண்டையிலும் பிழைக்க 90 சதவீத வாய்ப்பு இருக்கிற மகா வீரன் பத்துச் சண்டை தாண்டிப் பிழைத்திருக்கும் வாய்ப்பு 35 சதவீதம்தான். பத்துச் சண்டை என்பது எங்கள் மேஜையில் ஒன்றரை மாதம்.

சரி, நிஜம் எப்படி இருக்கிறது? நாம் ‘யதார்த்தம்’ என்று சொல்லும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் ஒழுங்கான ஒரு ஏணி: சின்ன அடிக்குச் சின்னக் காயம், பெரிய அடிக்குச் சாவு. நிஜத்தில் அந்த ஏணி இல்லை. 1912 அக்டோபரில் மில்வாக்கியில் தியோடர் ரூஸ்வெல்ட்டின் நெஞ்சில் ரிவால்வர் குண்டு பாய்ந்தது. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த உரையும் மூக்குக்கண்ணாடிக் கூடும் வேகத்தைக் குறைத்தன. அவர் ரத்தக் கறையோடு மேடையேறி ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குண்டை எடுக்கவே இல்லை, சாகும்வரை உடம்பில் இருந்தது. 1881இல் அதே மாதிரி ரிவால்வரால் சுடப்பட்ட இன்னொரு ஜனாதிபதி கார்ஃபீல்ட், ஜூலை 2 அன்று சுடப்பட்டு செப்டம்பர் 19 வரை கிடந்து செத்தார். குண்டைத் தேடுகிறேன் என்று கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்ட மருத்துவர்களின் கைங்கரியமும் அதில் சேர்த்தி. 1986 ஏப்ரலில் மியாமியில் எஃப்பிஐ ஆட்களோடு சண்டையிட்ட கொள்ளையன் ஒருவனுக்கு ஆரம்பத்திலேயே நுரையீரலைத் துளைத்த குண்டு. அந்தக் காயத்தோடு பிழைத்திருக்க முடியாது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்து இரண்டு ஏஜெண்டுகளைக் கொன்றான். சாகிற காயம் என்பதும் ஆளை உடனே கீழே தள்ளுகிற காயம் என்பதும் வேறு வேறு சமாச்சாரம் என்பதை எந்த அட்டவணையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

விழுவதைப் பற்றிக் கேட்டீர்களே, 1944இல் நிக்கலஸ் ஆல்கமேட் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரர், எரிகிற குண்டுவீச்சு விமானத்திலிருந்து பாராசூட் இல்லாமல் குதித்தார். உயரம் சுமார் 18,000 அடி. மரக்கிளையிலும் பனியிலும் விழுந்து, கால் சுளுக்கோடு எழுந்து உட்கார்ந்தார். இன்னொரு பக்கம் பரணிலிருந்து பாத்திரம் எடுக்க ஸ்டூலில் ஏறி விழுந்து, அதோடு படுக்கையில் விழுந்தவர்களை நம் குடும்பங்களிலேயே பார்த்திருக்கிறோம். இதையெல்லாம் நேர்மையாகப் பகடையில் எழுதினால், ஸ்டூலில் விழுந்தவன் சாவான், விமானத்திலிருந்து விழுந்தவன் நடப்பான், பிளேயர்கள் உங்களைப் பார்த்து “என்னய்யா விதி இது, நம்பவே முடியல” என்பார்கள்.

நான் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் இல்லை, கையைச் சுட்டுக்கொண்டவன். ஐந்தாம் பதிப்பின் 2014 டிஎம் கையேட்டில் நீடித்த காயங்கள் என்று ஒரு விருப்ப விதி இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். கிரிட்டிகல் அடி (அடிப்பவனின் 20 பக்கப் பகடையில் 20 விழுந்த அடி) வாங்கினால் காயத்துக்கு 20 பக்கப் பகடை உருட்டலாம். 1 விழுந்தால் கண் போகும், 2 என்றால் கை, 3 என்றால் கால். ஆசை ஆசையாக அமல்படுத்தினேன். எங்கள் குழுவில் ஒருவர் ஏழு மாதமாக ஒரு வில்லாளியை வளர்த்துக்கொண்டிருந்தார். ஒரு சுரங்கத்து வாசலில், துருப்பிடித்த கத்தி வைத்திருந்த ஒரு சோதா காப்ளின் (குட்டி அரக்கன்), அவனுக்குப் பெயர்கூட நான் வைக்கவில்லை, 20 உருட்டினான். காயத்துக்கு உருட்டினால் 2. கை போச்சு. வில்லாளிக்குக் கை. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அழிரப்பரை எடுத்து, கேரக்டர் தாளில் வில் சம்பந்தப்பட்ட வரிகளை ஒவ்வொன்றாக அழித்தார், தூசியை ஊதினார், “டீ இருக்கா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். ஒரு செஷனில் ஒரு கேரக்டர் மீது சுமார் 15 தாக்குதல் உருட்டல் நடக்கும் என்று வையுங்கள். 20 செஷனில் 300. அதில் இருபதில் ஒன்று கிரிட்டிகல், ஆக 15 தடவை. ஒவ்வொரு தடவையும் இருபதில் மூன்று வாய்ப்பில் கண்ணோ கையோ காலோ போகும். சராசரியாக ஆளுக்கு இரண்டேகால் உறுப்பு! போன கையை முளைக்க வைக்கும் மந்திரம் ஏழாம் நிலை, பதின்மூன்றாம் லெவல் கிளெரிக் (காயம் ஆற்றும் பூசாரிக் கேரக்டர்) வரும்வரை காத்திருக்க வேண்டும். காப்ளினுக்கு இந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை, அவன் எப்படியும் மூன்று சுற்றில் சாகப்போகிறவன். கிரிட்டிகல் விதி எதுவாக இருந்தாலும் அதிக நாள் உயிரோடு இருப்பவனைத்தான் அடிக்கும், ஆட்டத்தில் அதிக நாள் இருப்பது பிளேயர் மட்டும்தான். அந்த நண்பர் அடுத்து கொண்டுவந்த கேரக்டர் பெரிய கேடயத்தோடு, அடி வாங்குவதற்கென்றே கூலிக்கு இரண்டு ஆளை முன்னால் நடக்கவிட்டு வந்தான். பேருக்குக்கூட வீரம் இல்லை. யதார்த்தம் என்று பார்த்தால் அதுதான் யதார்த்தம், ஒத்துக்கொள்கிறேன்.

ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்றால், நிறைய. டிஎன்டி மாதிரியே உள்ள வேறு ஆட்டங்களைச் சொல்கிறேன். 1977இல் வந்த டிராவலரில் ஹிட் பாயிண்டே கிடையாது. அடி நேராக உங்கள் வலு, சுறுசுறுப்பு, தாங்குதிறன் ஆகிய எண்களில் விழும். ஒவ்வொன்றும் சராசரி 7, ரைபிள் குண்டு மூன்று பகடை, அதுவும் முதல் காயம் மூன்றில் ஏதோ ஒன்றின் மேல் மொத்தமாக இறங்கும், அதனால் முதல் குண்டிலேயே பெரும்பாலும் மயக்கம். (அந்த ஆட்டத்தில் கேரக்டர் உருவாக்கும்போதே செத்துப்போகலாம் என்பது தனிக் கதை.) 1978இல் வந்த ரூன்குவெஸ்ட்டில் கை, கால், தலை, வயிறு என்று தனித்தனிக் கணக்கு, லெவல் ஏறி ஹிட் பாயிண்ட் ஊதிப் பெருகுவதும் இல்லை. அதை எழுதிய ஸ்டீவ் பெரின் இடைக்கால வாள்சண்டையை நிஜமாகவே கவசம் போட்டு ஆடிப் பார்த்தவர், அது விதிகளில் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ரூன்குவெஸ்ட் உலகத்தில் சாதாரண வீரனும் காயம் ஆற்றும் மந்திரம் கற்றுவைத்திருப்பான். அடியில் யதார்த்தத்தைக் கூட்டினால் மருந்தில் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது வாரத்தில் விளையாட ஆளிருக்காது. ரோல்மாஸ்டரின் கிரிட்டிகல் அட்டவணைகள் படிக்கப் படிக்கச் சிரிப்பும் திகிலுமாக இருக்கும், அதற்காகவே ஒருமுறை விளையாடலாம். காயம் பட்டால் எல்லா உருட்டலிலும் கழிவு என்ற வழி வாம்பயரில் உண்டு. கேட்க நியாயமாக இருக்கும். மேஜையில் என்ன நடக்கும் என்றால் முதல் அடி வாங்கியவன் அதற்குப் பிறகு அடிக்கவே முடியாமல், தோற்பது உறுதியான சண்டையை இன்னும் நாலு சுற்று இழுத்துக்கொண்டிருப்பான். என்னைக் கேட்டால் ஹிட் பாயிண்டைவிட இது மோசம்.

எனக்குப் பிடித்தவை, சமாளிக்கும் திறனையும் நிஜ உடம்பையும் தனித்தனி எண்ணாகப் பிரித்து வைத்த ஆட்டங்கள். 2000இல் வந்த ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தில் வைட்டாலிட்டி என்று ஒரு எண், காயம் என்று ஒரு எண். முதலாவது லெவலோடு ஏறும், சீக்கிரம் திரும்பி வரும், அது மூச்சும் சமாளிப்பும். இரண்டாவது ஏறாது, அது நிஜமான உடம்பு. சறுக்கிய இடம் ஒன்றுதான்: கிரிட்டிகல் அடி வைட்டாலிட்டியைத் தாண்டி நேராகக் காயத்துக்குள் இறங்கும், ஆக மறுபடியும் என் காப்ளின் கதை. 2014இல் வந்த இன்டு தி ஆட் இன்னும் நறுக்கென்று செய்தது. ஹெச்பி என்ற அதே எழுத்துகள், ஆனால் அது அடியைத் தவிர்க்கும் பாதுகாப்பு என்று வெளிப்படையாகவே பெயர் மாற்றிவிட்டது. அது தீர்ந்த பிறகுதான் அடி உடம்பு வலுவில் விழும், ஒவ்வொரு தடவையும் நீங்கள் விழுந்துவிடுகிறீர்களா என்று உருட்ட வேண்டும். கைகாக்ஸ் 1978இல் பத்தி பத்தியாக விளக்கியதை இது ஒரு பெயரில் முடித்துவிட்டது.

உங்கள் மேஜைக்கு என்ன செய்யலாம்? ஹிட் பாயிண்டைத் தூக்காதீர்கள். ஐந்தாம் பதிப்பில் மந்திரம், மருந்து, அரக்கர்களின் அடி எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது, அடிக்கல்லை உருவினால் மாடி நிற்காது. முதலில் நீங்கள் வருணிக்கும் விதத்தை மாற்றிப் பாருங்கள், செலவில்லாத வேலை. பூஜ்யத்துக்கு மேல் இருக்கும்வரை வாள் சதைக்குள் இறங்கியதாகச் சொல்லவே சொல்லாதீர்கள். கேடயம் அதிர்ந்தது, தோள் மரத்தது, கால் சறுக்கியது, அவ்வளவுதான். பூஜ்யத்தைத் தொடும் அடி மட்டும் நிஜமான காயம். அப்போது மறுநாள் காலையில் எல்லாம் சரியாகிவிடுவது அவ்வளவு உறுத்தாது, களைப்புதானே போனது.

இரண்டாவது, நான் அந்த வில்லாளி சம்பவத்துக்குப் பிறகு வைத்துக்கொண்ட விதி. பூஜ்யத்துக்கு வந்தால் பிளேயர் தேர்ந்தெடுக்கலாம்: வழக்கம் போல விழுந்து சாவா பிழைப்பா என்று உருட்டலாம், அல்லது நீடித்த காயம் ஒன்றை ஏற்றுக்கொண்டு 1 ஹிட் பாயிண்டோடு நிற்கலாம். என்ன காயம் என்று சொல்வதும் பிளேயர்தான். பகடை பிடுங்கிய கைக்காக டீ குடிக்க எழுந்து போன அதே மனிதர், இந்த விதி வந்த பிறகு தானே முன்வந்து தன் குள்ளக் கிளெரிக்குக்கு இடது காதைக் கொடுத்தார். அன்றிலிருந்து மேஜையில் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தவர் எது சொன்னாலும் “ஆங்?” என்று திரும்பிக் கேட்பார், ஒன்றரை வருடம் விடாமல். பறிபோனால் நஷ்டம், தானே கொடுத்தால் விழுப்புண். விதியில் மாறியது யார் முடிவெடுக்கிறார் என்பது மட்டும்தான்.

பாறைக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். 30 அடிக்கு மேல் தெரிந்தே குதித்தால் வழக்கமான பகடையோடு ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடம்பு தாங்குகிறதா என்று 20 பக்கப் பகடையில் ஒரு உருட்டல்), இலக்கு 10, அதோடு ஒவ்வொரு 10 அடிக்கும் 1. 60 அடிக்கு 16 வரும். உங்கள் நண்பரின் ஃபைட்டருக்கு உருட்டலோடு கூட்டிக்கொள்ள +6 இருக்கும் என்று வைத்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. தோற்றால் கால் முறிவு, நகரத்தில் ஒரு வாரம் படுக்கும்வரை வேகம் பாதி. இதை அவன் பாறை விளிம்பில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், குதித்த பிறகு அல்ல. அப்போது அவன் போடும் கணக்கு சுவாரசியமான கணக்காக இருக்கும்: பிழைப்பேன், ஆனால் துரத்துகிறவர்கள் வேறு வழியாக இறங்கி வந்தால்?

அதே கையேட்டில் இருக்கும் இன்னொரு விருப்ப விதி, ஹிட் பாயிண்ட் திரும்பி வர எடுக்கும் ஓய்வை நீட்டுவது: சின்ன ஓய்வு 8 மணி நேரம், பெரிய ஓய்வு 7 நாள். அதை நான் இரண்டு கேம்பெயினில் (மாதக்கணக்கில் தொடரும் கதையில்) ஓட்டினேன். ஊர் ஊராகப் பயணம் போகிற கதைக்கு நன்றாக அமைந்தது, ஒரே இரவில் கோட்டையைப் பிடிக்கிற கதைக்குச் சொதப்பியது. 8 மணி நேரம் நிற்கும் மேஜ் ஆர்மர் (மாயக் கவசம்) மாதிரி மந்திரங்கள் அதில் சட்டென்று உதவாமல் போகும், மந்திரவாதி பிளேயர் முகம் தொங்கும், அதையும் எதிர்பாருங்கள்.

எதை மாற்றுவதானாலும் அந்த ஃபைட்டர் நண்பரிடம் முதலில் கேளுங்கள். முரட்டு உடம்புக்காரனாக ஒருவனைச் செய்து வைத்ததே இப்படிக் குதிப்பதற்காக இருக்கலாம், அது தப்பான ஆசை இல்லை. அப்புறம், அவன் ஏற்கெனவே குதித்த குதியைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். புது விதி அடுத்த பாறையிலிருந்து.